பிலிப்பைன்ஸில் ஒரு ஹெக்டேர் நெல்வயல் வாங்குவதற்கு முன்

பிலிப்பைன்ஸ் கிராமத்தில் ஒரு துண்டு வயலுக்குப் பின்னால் நான்கு பேர் இருக்கக்கூடும். பத்திரத்தில் பெயர் உள்ளவர் ஒருவர், வரி கட்டுபவர் ஒருவர், உழுது அறுப்பவர் ஒருவர், ஒத்திக்குப் பணம் கொடுத்துவிட்டு மகசூலை எடுத்துக்கொண்டிருப்பவர் ஒருவர். நால்வரும் ஒரே ஆளாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். விற்க வருபவர் இந்த நால்வரில் யாராகவும் இருக்கலாம், யாராகவும் இல்லாமலும் இருக்கலாம்.

நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். கணவர் வீட்டார் நுவேவா எசிஹா மாகாணத்து நெல் விவசாயிகள். நாற்று நடுவதில் எனக்குக் கெட்டிக்காரத்தனம் கிடையாது. கணக்குப் படித்தவள் என்பதால் வீட்டுக் காகிதப் பெட்டியின் சாவி என்னிடம் வந்தது. துபாயிலும் சிங்கப்பூரிலும் பிலிப்பைன்ஸ்காரரைக் கல்யாணம் செய்துகொண்ட தமிழர்கள் அடிக்கடி என்னிடம் கேட்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்: "அவள் ஊரில் கொஞ்சம் வயல் வாங்கலாமா அக்கா?" வாங்கலாம். ஆனால் பணத்தை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

உங்கள் பெயரில் வராது

1987ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி வெளிநாட்டவர் இங்கே நிலம் வாங்க முடியாது. உங்களைப் போன்றவருக்கு, சட்டப்படி வாரிசாக வந்தால் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே நிலம் உங்கள் மனைவியின் பெயரிலோ கணவரின் பெயரிலோதான் பதிவாகும். பத்திரத்தில் 'இன்னாருக்கு மணமானவர்' என்று உங்கள் பெயரும் அச்சாகும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். எங்கள் வீட்டுப் பத்திரத்திலும் என் பெயர் அப்படித்தான் இருக்கிறது. அது என் கணவர் மணமானவர் என்பதற்குச் சான்று, எனக்கு நிலம் இருக்கிறது என்பதற்கு அல்ல.

"பணம் என்னுடையதுதானே, பிரிய நேர்ந்தால் திரும்பக் கேட்கலாமே" என்பார்கள். ஒரு ஜெர்மானியர் தன் ஊரில் பரம்பரையாக வந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் அந்திப்போலோவில் மனைவி பெயரில் நிலம் வாங்கினார். பிரிந்தபோது நிலத்துக்குக் கொடுத்த பணத்தையாவது கொடுங்கள் என்று வழக்காடினார். 2006இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தடை இருப்பது தெரிந்தே வாங்கியவர் நியாயம் கேட்டு வர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். பினாமி ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொல்லும் தரகரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச்சை மாற்றுவார்.

உங்கள் துணைவர் வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டாரா? பிறப்பால் பிலிப்பைன்ஸ்காரர் என்றால் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். அதன்பின் மற்ற குடிமக்களைப் போலவே வாங்கலாம். நிலம் தேடுவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

என்ன காகிதம் காட்டுகிறார்கள்

ஊரார் 'தித்துலோ' என்று சொல்வது பதிவு அலுவலகம் தரும் உரிமைப் பத்திரம். அமெரிக்கர் ஆட்சியில், 1902ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்த முறை அது. மூலப் பத்திரம் பதிவு அலுவலகத்தில் இருக்கும், உரிமையாளர் கையில் இருப்பது அதன் இரண்டாம் படி. அவர் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்துக் காட்டுவதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பத்திர எண்ணைக் குறித்துக்கொண்டு போய், சான்றளித்த நகலை நீங்களே பதிவு அலுவலகத்தில் வாங்குங்கள். வாங்கியதும் முன்பக்கத்தை விட்டுவிட்டு வில்லங்கக் குறிப்புகள் இருக்கும் பக்கத்தைப் படியுங்கள். கிராம வங்கி அடமானம், வழக்கு நிலுவை, மூன்றாம் நபரின் உரிமைக் கோரிக்கை எல்லாம் அங்கேதான் வரிசையாக இருக்கும். அடமானம் தீர்ந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது, தீர்ந்ததற்கான பதிவும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். மூலம் எரிந்தோ தொலைந்தோ போய் மறுபடி உருவாக்கப்பட்ட பத்திரம் என்று குறிப்பு இருந்தால், வழக்கறிஞரைப் பார்க்காமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள்.

இரண்டாவது வகை, வரி அறிவிப்புத் தாள். நகராட்சி மதிப்பீட்டாளர் கொடுப்பது. இந்த நிலத்துக்கு இன்னார் வரி கட்டுகிறார் என்பது மட்டுமே அதன் பொருள். தாத்தா காலத்திலிருந்து வரி கட்டிய ரசீதுகளைக் கற்றையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள். அனுபவத்துக்கு அது நல்ல ஆதாரம்தான், ஆனால் உரிமைப் பத்திரம் ஆகாது. இப்படிப்பட்ட நிலத்தை 'ரைட்ஸ் மட்டும்' என்று சொல்லி மலிவாக விற்பார்கள். ஏன் மலிவு என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஸ்பானியர் காலத்துப் பத்திரம் என்று யாராவது பழுப்பேறிய தாளை விரித்தால் ரசித்துவிட்டு எழுந்துவிடுங்கள். 1976ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகு அவற்றை நிலப்பதிவு வழக்கில் உரிமைக்கு ஆதாரமாகக் காட்ட முடியாது. அப்படி ஒரு ஸ்பானியப் பத்திரத்தை வைத்துக்கொண்டு நுவேவா எசிஹா, புலாக்கான், ரிசால் உட்பட ஏறத்தாழ 1,73,000 ஹெக்டேருக்கு ஒரு குடும்பத்தின் வாரிசுகள் உரிமை கோரினார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பத்திரம் செல்லாது என்றது.

மூன்றாவது வகையில்தான் வெளியூர்க்காரர்கள் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1972 அக்டோபர் 21 அன்று அப்போதைய அதிபர் மார்க்கோஸ் போட்ட ஆணை 27, நெல்லும் மக்காச்சோளமும் பயிரிட்ட குத்தகைதாரர்களுக்கு நிலத்தை மாற்றிக் கொடுத்தது: பாசன நிலம் என்றால் 3 ஹெக்டேர், மானாவாரி என்றால் 5 ஹெக்டேர். 1988 ஜூன் 10இல் அதிபர் கொரசோன் அக்கினோ காலத்தில் வந்த பெரிய சட்டம் எல்லாப் பயிர் நிலங்களையும் சேர்த்துக்கொண்டது. நிலவுடைமையாளர் 5 ஹெக்டேர்வரை வைத்துக்கொள்ளலாம், பயனாளிக்கு 3 ஹெக்டேர்வரை கிடைக்கும். இப்படிக் கொடுத்த பத்திரமும் பார்வைக்கு மற்றப் பத்திரம் போலவே இருக்கும். வேறுபாடு எண்ணில் இருக்கிறது: எண்ணுக்கு முன்னால் 'இபி' (ஆணை 27இன் கீழ் கொடுத்த பத்திரம்) என்றோ 'சிஎல்ஓஏ' (1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொடுத்த பத்திரம்) என்றோ இருக்கும். சிஎல்ஓஏ நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது. வாரிசுக்கும் அரசுக்கும் நில வங்கிக்கும் தகுதியுள்ள வேறு பயனாளிக்கும் மட்டுமே மாற்றலாம்.

2023 ஜூலை 7 அன்று கையெழுத்தான சட்டம், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பயனாளிகளின் சுமார் 5,755 கோடி பெசோ நிலக் கடனைத் தள்ளுபடி செய்தது. நல்ல காரியம். எங்கள் தெருவிலேயே பன்றி அடித்து விருந்து வைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு தரகர்களின் வாயில் ஒரு புது வசனம்: "கடன் இல்லை, இனி தாராளமாக வாங்கலாம்." கடன் தீர்ந்தது என்பதும் விற்க அனுமதி உண்டு என்பதும் ஒன்றல்ல. 'இபி', 'சிஎல்ஓஏ' எதுவானாலும் முதலில் போக வேண்டிய இடம் வேளாண் சீர்திருத்தத் துறையின் நகராட்சி அலுவலகம். ஊரில் அதை 'டார்' என்பார்கள். "இப்போது தேதி போடாமல் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வோம், பத்து வருஷம் கழித்துத் தேதி போட்டுக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால், நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அறுப்பது யார்

இந்தக் கேள்விக்கு எந்த அலுவலகத்திலும் முழுப் பதில் கிடைக்காது. வயலுக்குப் போக வேண்டும், அதுவும் விற்பவர் உடன் இல்லாமல். காலையில் ஏழு மணிக்குள் போனால் வரப்பில் யாராவது இருப்பார்கள்.

கொழுந்தனுக்காக ஒரு வயலைப் பார்க்கப் போனபோது, ஒரு பெரியவர் மடை அருகே நத்தைகளைப் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். 1980களில் உணவுக்கென்று கொண்டுவரப்பட்டு வயலெல்லாம் பரவி, இளநாற்றை மேய்ந்துவிடும் பொன்னிற நத்தை அது. விற்பவர் இவரைப் பற்றிச் சொன்னது "நிலத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள்" என்று. என் மாமியார் அவரிடம் நிலம் யாருடையது என்று கேட்கவே இல்லை. முதலில் அவருடைய பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். பிறகு நத்தையைப் பற்றி. அதற்கும் பிறகுதான், ஏதோ பேச்சுவாக்கில் வந்ததுபோல, "ஒரு போகத்துக்கு எத்தனை கபான் அளக்கிறீர்கள், மானோங்?" என்றார்.

"இருபது. அப்பா காலத்திலிருந்தே இருபதுதான்."

"ரசீது கொடுக்கிறார்களா?"

"முன்பு கொடுத்தார்கள். தகரப் பெட்டியில் இருக்கிறது."

கபான் என்பது 50 கிலோ மூட்டை, 'மானோங்' என்பது மூத்தவரை மரியாதையாக அழைக்கும் சொல். இரண்டு வரிப் பேச்சில், 'பார்த்துக்கொள்கிற ஆள்' சட்டப்படியான குத்தகைதாரர் ஆகிவிட்டார்.

அதன் விளைவு என்ன? 1963ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டத்தின்படி நிலம் கைமாறினாலும் குத்தகை முறியாது, புது உரிமையாளர் பழைய உரிமையாளரின் இடத்தில் உட்காருவார், அவ்வளவுதான். "நானே உழுதுகொள்கிறேன், நீங்கள் கிளம்புங்கள்" என்றும் சொல்ல முடியாது. அந்தக் காரணம் 1971இல் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. குத்தகைதாரருக்குத் தெரியாமல் நிலத்தை விற்றிருந்தால், எழுத்து மூலம் அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் நியாயமான விலை கொடுத்து அவரே அதை மீட்டுக்கொள்ளலாம். அறிவிப்பே கொடுக்கவில்லை என்றால் அந்த 180 நாள் தொடங்கவே இல்லை.

குத்தகைக்கும் உச்சவரம்பு உண்டு. இயல்பான மூன்று ஆண்டு விளைச்சலின் சராசரியை எடுத்து, அதில் விதை, அறுவடை, போரடிப்பு, ஏற்றுக்கூலி போன்றவற்றைக் கழித்து, மிச்சத்தில் 25 சதவீதம். சராசரி 100 கபான், கழிவு 20 என்றால் மிச்சம் 80, குத்தகை 20. விளைச்சலைப் பாதிக்குப் பாதி பிரிக்கும் வாரமுறை சட்டப்படி ஒழிந்துவிட்டது. நடைமுறையில் இன்னும் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி வரவுக்கணக்குப் போடாதீர்கள்.

இதற்காகக் குத்தகைதாரர் உள்ள நிலத்தை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு, அந்த மண்ணைத் தலைமுறையாக அறிந்த ஒருவர் அங்கே இருப்பது எவ்வளவோ மேல். காலி நிலத்தின் விலையைக் கொடுக்காதீர்கள், பெரியவரை டார் அலுவலகத்துக்கு அழைத்துப்போய்க் குத்தகையை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவரை வெளியேற்றித் தருகிறேன் என்று விற்பவர் வாக்குக் கொடுத்தால் அந்த வயல் வேண்டாம்.

ஒத்தி

பணமுடை வந்தால் இங்கே வயலை 'சங்லா' வைப்பார்கள். மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு நிலத்தை விட்டுவிடுவது, வட்டி கிடையாது, அசலைத் திருப்பும்வரை பணம் கொடுத்தவர் பயிரிட்டு மகசூலை எடுத்துக்கொள்வார். பள்ளி நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில், பராங்காய் (ஊர் நிர்வாகம்) அதிகாரி சாட்சியாக, நீல மையில் எழுதிக் கையெழுத்திடுவார்கள். அந்தத் தாள் பதிவு அலுவலகத்துக்குப் போவதே இல்லை, ஆகவே வில்லங்கப் பக்கத்தில் தெரியாது. நிலவுடைமையாளர் மட்டுமல்ல, குத்தகைதாரரும் தன் உழவுரிமையை ஒத்தி வைப்பதுண்டு. மகள் மருத்துவத் தாதிப் படிப்புக்குப் போன ஆண்டு, மகன் கப்பலுக்குப் போக ஏஜென்சிக்குக் கட்டிய ஆண்டு, வீட்டில் யாராவது மருத்துவமனையில் கிடந்த ஆண்டு: இவற்றை நினைவுபடுத்திக் கேட்டால் ஒத்தியின் கதையும் தானாக வரும். இருக்கிறது என்று தெரிந்தால், விலையிலிருந்து அந்தத் தொகையை எடுத்து ஒத்திக்காரர் கையில் நீங்களே கொடுத்து, நோட்டுத் தாளைத் திரும்ப வாங்கிவிடுங்கள். விற்பவர் தீர்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள்.

இறந்தவர் பெயரில் உள்ள பத்திரம்

மிகச் சாதாரணமான நிலைமை இதுதான். பத்திரம் தாத்தா பெயரில், தாத்தா கல்லறையில், நிலத்தை விற்பது கடைசி மகன். இங்கே ஆண், பெண் பிள்ளைகளுக்குச் சம பங்கு. மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் பங்கு உண்டு, அளவு மட்டும் பாதி. உயிரோடு இருக்கும் துணைக்கும் உண்டு. ஒரு அண்ணன் ஹவாயில் இருப்பார், ஒரு அக்கா ரியாத்தில் இருப்பார். இவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டால்தான் நீதிமன்றம் போகாமல் பாகப்பிரிவினை முடியும். வெளிநாட்டிலிருப்பவரின் அதிகாரப் பத்திரத்துக்கு அந்த நாட்டிலேயே அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஒப்பந்த நாடுகள் எல்லாம் ஏற்கும் சான்று முத்திரை, வாங்கலாம் (அந்த நாடும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருந்தால்). பிலிப்பைன்ஸ் அதில் 2019 மே மாதம் சேர்ந்தது. பாகப்பிரிவினையைச் செய்தித்தாளில் வாரம் ஒருமுறை என்று தொடர்ந்து மூன்று வாரம் வெளியிட வேண்டும். அதன் பிறகும் விடுபட்ட வாரிசுக்காக இரண்டு ஆண்டு வில்லங்கம் பத்திரத்தில் நிற்கும். 2018 முதல் இறந்தவர்களுக்கு வாரிசு வரி நிகரச் சொத்தில் 6 சதவீதம், இறந்து ஓராண்டுக்குள் கட்ட வேண்டும். தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு முன் போயிருந்தால் அபராதமும் வட்டியும் யார் தலையில் என்பதை விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள்.

கடைசி மகனிடம் அவருடைய பங்கை மட்டும் வாங்குகிறேன் என்றால் வாங்கலாம். உங்களுக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு, எந்த மூலை என்று காட்ட முடியாது. மற்றப் பங்காளிகள், எழுத்து மூலம் அறிவிப்புக் கிடைத்து 30 நாளுக்குள் அதை மீட்கவும் முடியும்.

அளவும் நீரும்

பத்திரத்தில் உள்ள எல்லைக் குறிப்பு, ஊர் நடுவே அரசு நட்ட நில அளவைக் கல்லிலிருந்து தொடங்கி, திசையும் தூரமுமாக வயலின் முதல் மூலைக்கு வரும். உரிமம் பெற்ற நில அளவைப் பொறியாளரை வைத்து மறு அளவை செய்து, 'முஹோன்' என்னும் சிமென்ட் எல்லைக்கல் ஒவ்வொன்றையும் தோண்டிப் பாருங்கள். வரப்பை எல்லையாக நம்ப முடியாது. பக்கத்து வயல்காரர் ஒவ்வொரு போகமும் வரப்பைச் செதுக்கும்போது அது உங்கள் பக்கம் ஒரு விரல்கடை நகர்ந்து வந்திருக்கும். அளக்கும்போது அவரையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள்.

ஆற்றங்கரை நிலம் அழகுதான், ஆனால் வேளாண் பகுதியில் கரையிலிருந்து 20 மீட்டர் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது. அதில் வீடு கட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

நீர் விஷயத்தில் ஒரே ஓர் அறிவுரை: பிப்ரவரியில் போங்கள். மழைக்காலத்தில் எல்லா வயலும் பச்சை. எங்கள் பக்கம் கோடைப் போகத்துக்குப் பந்தாபங்கான் அணை நீர்தான் ஆதாரம். வாய்க்காலின் தலைமடையில் இருப்பவருக்கு முழங்கால் அளவு நீர் நிற்கும்போது கடைமடையில் மண் வெடித்துக் கிடக்கும். இரண்டு போகம் என்று சொல்லி ஒரு போக நிலத்தை விற்பது கடைமடையில்தான். 8 ஹெக்டேர்வரை உள்ளவர்களுக்குத் தேசியப் பாசனக் கட்டணம் 2018 முதல் இல்லை. ஆனால் இலவச நீர் கடைமடைக்கு வந்து சேர்வது வேறு கதை. வாய்க்கால் சங்கத் தலைவரிடம் போன ஆண்டு முறைப்பட்டியலைக் கேளுங்கள்.

பாசன வயலை வாங்கி மனை போடலாம் என்ற எண்ணம் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். பாசனத்துக்கு உட்பட்ட நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற அனுமதி கிடையாது.

பணமும் பதிவும்

உங்கள் துணைவரின் மொத்த வேளாண் நிலம் இதையும் சேர்த்து 5 ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், அதற்கு உறுதிமொழிப் பத்திரம் கொடுத்து டார் அனுமதி பெற வேண்டும். ஒரு ஹெக்டேருக்கு மிகாத துண்டை ஏற்கெனவே நிலமுள்ளவர் வாங்கினால் அடுத்த வயல்காரருக்கு 30 நாள் மீட்புரிமை உண்டு, நடுவே ஓடையோ சாலையோ இருந்தால் இல்லை. எனவே அவருக்கும் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நோட்டரியிடம் கையெழுத்தானதும் 30 நாளுக்குள் 6 சதவீத மூலதன ஆதாய வரி. இது தவிர, அதனதன் கெடுவுக்குள், 1.5 சதவீத முத்திரை வரி, மாகாணத்துக்கு 0.5 சதவீதம்வரை மாற்று வரி. விற்பனை விலை, அரசு மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மீது. யார் எதைக் கட்டுவது என்பது பேரம். வரித்துறையின் சான்று வந்த பிறகே பதிவு அலுவலகம் புதுப் பத்திரம் தரும்.

இந்தச் செலவுக்குப் பயந்து, நோட்டரி முத்திரையோடு நிறுத்திக்கொண்டு விற்பனைப் பத்திரத்தை அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் ஊரில் பாதிப் பேர். விற்றவர் இறந்ததும் அவர் பிள்ளைகள் அதே நிலத்தை இன்னொருவருக்கு விற்கிறார்கள். அவர் முதலில் நல்லெண்ணத்தோடு பதிவு செய்துவிட்டால் நிலம் அவருடையது. கடைசித் தவணையைப் புதுப் பத்திரம் கைக்கு வரும்வரை வங்கிக் காசோலையாக நிறுத்தி வையுங்கள், விற்பவரும் அலுவலகங்களுக்குச் சுறுசுறுப்பாக வருவார்.

பிறகு

புதுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மதிப்பீட்டாளரிடம் போய் வரி அறிவிப்பையும் மாற்றுங்கள். பதிவு அலுவலகம் அதைச் செய்யாது. விவசாயிகள் பதிவேட்டில் உழுபவரின் பெயர் இருக்கட்டும். அரசு விதையும் உர உதவியும் அந்தப் பெயருக்குத்தான் வரும், குத்தகைதாரர் பெயரை எடுத்துவிட்டு உங்கள் வீட்டார் பெயரைப் போடுவது முதல் ஆண்டே பகை வாங்கும் வழி.

நில வரியை ஊரில் 'அமில்யார்' என்பார்கள். நான்கு தவணையாகவும் கட்டலாம். ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கட்டினால் உள்ளூர் விதிப்படி 20 சதவீதம்வரை தள்ளுபடி உண்டு, தாமதித்தால் மாதம் 2 சதவீதம் ஏறும். ரசீதில் உள்ள வரி அறிவிப்பு எண்ணைக் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய உரிமையாளர் பெயரிலேயே அச்சாகி வந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். கார்பன் மை இரண்டு மழைக்காலத்தில் மங்கிவிடும், ஆகவே அன்றைக்கே நகலும் எடுத்துவிடுங்கள்.